மூன்று பேர் ஒரே நேரத்தில் வாசித்தால் குழப்பமா? பாரம்பரிய ஜாஸ், புளூஸ் பற்றி ஒரு விளக்கம்

கிழக்கிலங்கையின் அறுகம்பையில் அலைச்சறுக்குப் பருவம் தொடங்கிவிட்டால் கடற்கரை விடுதிகளில் இசை இரவுகளும் தொடங்கிவிடும். ஒரு விளம்பரத்தில் 'புளூஸ்' என்றிருக்கும், இன்னொன்றில் 'ஜாஸ்' என்றிருக்கும். வெளிநாட்டு இசை விழாக்களின் பட்டியலைப் பார்த்தால் 'பாரம்பரிய ஜாஸ், புளூஸ் குழுக்கள்' என்று இரண்டும் ஒரே வரியில் நிற்கும். இரண்டும் ஒன்றா, வேறா? வேறென்றால் ஏன் எப்போதும் ஒரே மேடை?

அதைவிடக் குழப்புவது 'பாரம்பரிய' என்ற சொல். பாரம்பரியம் என்றால் மட்டக்களப்பில் நமக்கு ஞாபகம் வருவது வடமோடிக் கூத்தும் கண்ணகி அம்மன் குளிர்த்திப் பாடலும். ஜாஸுக்கோ வயது நூற்றிச் சொச்சம்தான். அதை உண்டாக்கியவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள், ஆனால் விழா மேடையில் 'பாரம்பரிய ஜாஸ்' வாசிப்பவர்கள் பல நேரம் இங்கிலாந்துக்காரர்களாகவோ ஜப்பானியர்களாகவோ இருப்பார்கள். அப்படியென்றால் அது யாருடைய பாரம்பரியம்?

அடியிலிருந்து வருவோம். முதலில் புளூஸ். அது பிடிபட்டால் மற்றது இலகு.

புளூஸ்: சோகம் அல்ல, ஒரு சுற்று

புளூஸ் என்றால் அழுகைப் பாட்டு என்று பலர் நினைக்கிறார்கள். சோகமான புளூஸ் நிறைய உண்டு, ஆனால் நக்கலும் குறும்பும் நிறைந்த புளூஸும் அதே அளவுக்கு உண்டு. புளூஸை அடையாளம் காட்டுவது அதன் உணர்ச்சி அல்ல, அதன் கட்டமைப்பு. மிகப் பரவலான வடிவத்தில் நான்கு அடிகள் கொண்ட தாளக்கட்டு 12 முறை வரும். மொத்தம் 48 அடி. பிறகு மறுபடி முதலிலிருந்து. நிமிடத்துக்கு 120 அடி வேகம் என்றால் ஒரு சுற்று 24 வினாடியில் முடிந்துவிடும். பாட்டு எவ்வளவு நீளமானாலும் இந்தச் சுற்றுத்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

சுற்றுக்குள் சுவரக்கூட்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுவரங்கள்) மாறும் ஒழுங்கை நம் சுவரப் பெயர்களிலேயே சொல்லலாம்:

1. முதல் 4 கட்டு: ஸ-வை அடியாகக் கொண்ட கூட்டு. வீட்டில் இருக்கிறோம்.
2. அடுத்த 4 கட்டு: இரண்டு கட்டு ம-வுக்குப் போய், இரண்டு கட்டு ஸ-வுக்குத் திரும்புகிறது.
3. கடைசி 4 கட்டு: ஒரு கட்டு ப, ஒரு கட்டு ம, பிறகு இரண்டு கட்டு வீடு.

பாட்டு வரிகளும் இதே மூன்று பகுதியில் உட்காரும். முதல் வரி, அதே வரி திரும்பவும், பிறகு முடிச்சை அவிழ்க்கும் மூன்றாவது வரி. மாதிரிக்கு நானே கட்டிய ஒன்று:

மழை வரும் வரும் என்று வயலைப் பார்த்திருந்தேன்,
ஓ, மழை வரும் வரும் என்று வயலைப் பார்த்திருந்தேன்,
வந்தது வெள்ளம், இப்ப வயலைத்தான் காணேன்.

முதல் வரியைத் திரும்பச் சொல்வது சும்மா இடம் நிரப்ப அல்ல. இரண்டாவது முறை அதே சொற்கள் வரும்போது கீழே கூட்டு ஸ-விலிருந்து ம-வுக்கு நகர்ந்துவிடுகிறது, அதனால் சொல் ஒன்றாயினும் நிறம் மாறுகிறது. கேட்பவருக்கு 'அப்புறம் என்ன?' என்ற தவிப்பும் வருகிறது. இன்னொன்று, பாடகர் நான்கு கட்டையும் பாடி நிரப்புவதில்லை. இரண்டு கட்டுச் சொச்சத்தில் வரியை முடித்துவிடுவார். மிச்ச இடத்தில் கிற்றாரோ ட்ரம்பெட்டோ பதில் சொல்லும். களரியில் கூத்தர் ஓரடி பாட, பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடுவதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கேள்வி-பதில் புதிதே அல்ல. அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கத்துப் பொல்லடிக் குழுக்களிலும் அண்ணாவியார் எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவது உண்டு.

மூன்றாவது அடையாளம் 'நீலச் சுவரம்'. பியானோவில் சாதாரண காந்தாரத்துக்கு ஒரு கட்டை, அந்தர காந்தாரத்துக்கு ஒரு கட்டை. புளூஸ் பாடகர் இரண்டுக்கும் இடையில் நிற்பார், அல்லது ஒன்றிலிருந்து மற்றதற்கு வழுக்குவார். நிஷாதத்திலும் பஞ்சமத்துக்குச் சற்றுக் கீழேயும் இதே விளையாட்டு நடக்கும். மேற்கத்தியப் பாடநூல்கள் இதை விளக்கத் தடுமாறுகின்றன. கமகம் கேட்ட காதுக்கு இதில் தடுமாற எதுவும் இல்லை. சுவர இடைவெளிகளை நுணுக்கமாக அளந்து 1947இல் 'யாழ் நூல்' தந்த சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவு அறுகம்பையிலிருந்து சில மணி நேரப் பயணம்கூட இல்லை என்பதை இந்த இடத்தில் சும்மா சொல்லி வைக்கலாம்.

புளூஸ் பிறந்தது அமெரிக்கத் தெற்கின் பருத்தி வயல்களில், அடிமை முறை ஒழிந்த பிறகும் கடனில் கட்டுண்டு கிடந்த கறுப்பின உழவர்களிடம். அச்சில் அது பரவலாக வந்தது 1912இல் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹாண்டி வெளியிட்ட இசைத்தாளோடு. 1920இல் மேமி ஸ்மித் பாடிய புளூஸ் இசைத்தட்டு எதிர்பாராத அளவுக்கு விற்றது. கறுப்பின மக்களும் இசைத்தட்டு வாங்குவார்கள் என்பதை நிறுவனங்கள் அப்போதுதான் கணக்கில் எடுத்தன.

பாரம்பரிய ஜாஸ்: வேலைப் பங்கீடு

ஜாஸ் லூசியானா மாநிலத்தின் துறைமுக நகரமான நியூ ஓர்லியன்ஸில் உருவானது. அங்கே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடிமைப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி ஆடிப்பாட அனுமதிக்கப்பட்ட திடல் ஒன்று இருந்தது, பெயர் கொங்கோ சதுக்கம். பிற்காலத்தில் அதே நகரத்துத் தெருக்களில் பித்தளை வாத்தியக் குழுக்கள் பெருகின. அந்தத் தெரு இசையும் புளூஸும் தேவாலயப் பாடலும் நடன மண்டப இசையும் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒன்றோடொன்று கலந்தன. முதல் பெரிய பெயர் பட்டி போல்டன். ட்ரம்பெட்டின் சிறிய உறவான கோர்னெட் வாசித்தவர். அவருடைய வாசிப்பு ஒன்றுகூடப் பதிவாக நம்மிடம் இல்லை. 1907இல் மனநோய் விடுதிக்குப் போனவர், 1931இல் அங்கேயே இறந்தார்.

இந்தக் காலத்துப் பாணிதான் இன்று 'பாரம்பரிய ஜாஸ்'. ஆறேழு பேர் கொண்ட குழு. முன்வரிசையில் மூன்று காற்று வாத்தியங்கள் நிற்கும், ஒவ்வொன்றுக்கும் வேலை பிரிக்கப்பட்டிருக்கும்:

1. ட்ரம்பெட் அல்லது கோர்னெட்: மெட்டைச் சொல்கிறது. அச்சடித்தது போல அல்ல, கொஞ்சம் முந்தி, கொஞ்சம் பிந்தி. ஆனால் மெட்டு எங்கே இருக்கிறது என்று கேட்பவருக்கு எப்போதும் தெரியும்.
2. கிளாரினெட்: மெட்டுக்கு மேலே ஓடிக்கொண்டே இருக்கிறது. ட்ரம்பெட் நீட்டிப் பிடிக்கும்போது இது நெளியும், ட்ரம்பெட் ஓடும்போது இது நிற்கும்.
3. ட்ரொம்போன்: கீழே. நீண்ட குழாயை இழுத்துத் தள்ளி ஒரு கூட்டிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகிறது. அடுத்து எங்கே போகப் போகிறோம் என்பதை முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இதுதான்.

பின்னால் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் அல்லது பியானோ, தியூபா அல்லது பெரிய பாஸ், மேளம்.

இந்த மூன்று முன்வரிசைக்காரர்களும் ஒரே நேரத்தில், எழுதி வைக்காததை, அப்போதைக்கப்போது கட்டி வாசிக்கிறார்கள். முதல் தடவை கேட்பவருக்கு 'ஏன் எல்லோரும் சேர்ந்து கத்துகிறார்கள்' என்று தோன்றுவதற்குக் காரணம் இதுதான். மனோதர்மம் நமக்குத் தெரியும். ஆனால் நாதஸ்வரக்காரர் ஆலாபனை செய்யும்போது கூடவே இன்னொருவர் வேறொரு ஆலாபனை செய்வதில்லை. முறை வைத்துத்தான் பேசுவோம். பாரம்பரிய ஜாஸில் மூவரும் ஒன்றாகப் பேசலாம், ஏனென்றால் மேலே, நடுவே, கீழே என்று ஒவ்வொருவருக்கும் தனி உயரம் ஒதுக்கியிருக்கிறது. கேட்கும்போது ஒரு சுற்று முழுக்க ட்ரொம்போனை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அடுத்த சுற்றில் கிளாரினெட்டை மட்டும். மூன்றாவது சுற்றில் குழப்பம் தானாகத் தெளியும்.

தாளத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. ஓர் அடியைச் சரிபாதியாகப் பிரித்தால் 'தக'. மூன்றாகப் பிரித்தால் 'தகிட'. அந்தத் தகிடவின் நடு எழுத்தை விழுங்கிவிட்டு 'தா..ட, தா..ட' என்று சொல்லிப் பாருங்கள். அதுதான் 'ஸ்விங்' எனப்படும் ஊஞ்சல் நடைக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும் கணக்கு. கைதட்டுவதாக இருந்தால் ஒன்று, மூன்றில் தட்டாதீர்கள், இரண்டிலும் நான்கிலும் தட்டுங்கள். மாற்றித் தட்டும் கூட்டத்தைப் பார்த்து மேளக்காரர் மனதுக்குள் நோவது உலகம் முழுக்க நடப்பது.

பழைய இசைத்தட்டைக் கேட்டு இந்த இசையை எடைபோடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 1923இல் கோர்னெட் கலைஞர் கிங் ஒலிவரின் குழு, இளம் லூயி ஆம்ஸ்ட்ரோங்கையும் சேர்த்துக்கொண்டு, முதன்முதலாகப் பதிவு செய்தபோது மைக் கிடையாது. ஒரு பெரிய கூம்புக்கு முன்னால் நின்று வாசிக்க வேண்டும், அந்த ஒலி அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கீறும். பெரிய மேளத்தைப் பலமாக அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்பதால் மேளக்காரர் பேபி டொட்ஸ் மரக்கட்டைகளைத் தட்ட வேண்டியிருந்தது. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் பிடிக்கும். ஆக, நமக்குக் கிடைத்திருப்பது மேளம் குறைந்த, அவசரமாக முடிக்கப்பட்ட ஒரு நிழல். நேரில் கேட்கக் கிடைத்தால் விடாதீர்கள் என்று சொல்வதற்கு இது தொழில்நுட்பக் காரணம், ரசனைக் காரணம் அல்ல.

'பாரம்பரிய' என்ற சொல் எப்போது ஒட்டியது

போல்டனோ ஒலிவரோ தாங்கள் பாரம்பரிய இசை வாசிப்பதாக நினைத்திருக்க மாட்டார்கள். அது அன்றைய புது இசை. முதல் ஜாஸ் இசைத்தட்டு என்று பொதுவாகக் கருதப்படுவது 1917இல் வந்தது, அதை வாசித்தவர்கள் நியூ ஓர்லியன்ஸின் வெள்ளையர்கள். 'யாருடையது' என்ற சண்டை, பார்த்தீர்களா, முதல் தட்டிலேயே தொடங்கிவிட்டது.

1930களில் பெரிய நடனக் குழுக்கள் வந்தன. ஒரு வாத்தியத்துக்கு மூன்று நான்கு பேர் என்றானபோது எல்லோரும் நினைத்தபடி வாசிக்க முடியாது, எழுதித்தான் ஆக வேண்டும். 1940களில் பீபொப் என்ற வேகமான, சிக்கலான பாணி வந்தது. இந்த மாற்றங்களை ஏற்காமல் பழைய பாணியை மீட்கக் கிளம்பியவர்கள் 'இதுதான் உண்மையான ஜாஸ்' என்றார்கள். ஓய்ந்து போயிருந்த முதிய கலைஞர் பங்க் ஜோன்சனைத் தேடிப் பிடித்து 1942இல் பதிவு செய்தார்கள். புதுப்பாணிக்காரர்கள் இவர்களுக்கு வைத்த பட்டப்பெயர் 'பூஞ்சணம் பிடித்த அத்திப்பழங்கள்'. 'பாரம்பரிய' என்பது இந்தச் சண்டையில் ஒட்டப்பட்ட சீட்டு.

பிறகு அது இங்கிலாந்துக்குத் தாவியது. கென் கொலியர் என்ற இளைஞர் கப்பல் வேலையில் சேர்ந்து அமெரிக்கா போய், கப்பலை விட்டிறங்கி, 1952இல் நியூ ஓர்லியன்ஸில் முதியவர்களோடு வாசித்தார். விசாக் காலம் கடந்ததால் மறியலில் இருந்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார். 1950களின் இறுதியில் பிரித்தானியாவில் இந்த இசை ஓர் அலையாகவே அடித்தது. இன்று விழாக்களுக்கு வரும் ஐரோப்பியக் குழுக்கள் பல அந்த அலையின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள்.

என் கருத்தில் இதை வெறும் திருட்டு என்று தள்ளிவிட முடியாது, வெறும் காதல் என்றும் சொல்லிவிட முடியாது. பழைய பாணியை நுணுக்கமாகக் காப்பாற்றியதில் வெளியாட்களுக்குப் பங்குண்டு. அதே சமயம் பணமும் புகழும் உண்டாக்கியவர்களைவிட வாங்கிக் கொண்டவர்களிடம்தான் அதிகம் சேர்ந்தது.

ஏன் ஒரே மேடை

முதல் காரணம் இசைக்குள்ளேயே இருக்கிறது. பாரம்பரிய ஜாஸ் குழுக்களின் பாட்டுகளில் கணிசமான பங்கு மேலே சொன்ன 12 கட்டுச் சுற்றுத்தான். ஒத்திகை பாராத இருவர் மேடையில் சந்தித்தாலும் அந்தச் சுற்றில் உடனே சேர்ந்துகொள்ளலாம்.

இரண்டாவது, ஒரு மனிதரின் பிடிவாதம். ட்ரொம்போன் கலைஞர் கிறிஸ் பாபர் தன் ஜாஸ் குழுவோடு சேர்ந்து வாசிக்க அமெரிக்க புளூஸ் கலைஞர்களை இங்கிலாந்துக்கு அழைத்துக்கொண்டே இருந்தார். 1958இல் வந்தவர் மடி வோட்டர்ஸ். மிசிசிப்பி வயலிலிருந்து 1943இல் சிக்காகோவுக்குப் போன அவர் மின்கிற்றாரைக் கையில் எடுத்திருந்தார், ஏனென்றால் நகரத்துச் சாராயக்கடைச் சத்தத்தில் மரக்கிற்றார் எடுபடாது. 'பாரம்பரிய' புளூஸை எதிர்பார்த்து வந்த ஆங்கிலேய ரசிகர் சிலர் அந்தச் சத்தத்தில் முகம் சுளித்தார்கள். வேடிக்கைதான். வயலை விட்டுத் தப்பி வந்தவரிடம் போய் வயற்பாட்டுக் கேட்கிறார்கள்.

மூன்றாவது காரணம் காசு. ஜாஸ் குழு என்றால் ஏழு பேரின் விமானச் சீட்டு, ஏழு அறை, ஏழு சாப்பாடு. புளூஸுக்கு ஒரு கிற்றாரும் ஒரு குரலும் போதும், மவுத் ஓர்கன் இருந்தால் கொண்டாட்டம். இரண்டையும் கலந்தால் விழாக் கணக்கு நேராகும். அறுகம்பை விடுதிகளில் புளூஸ் இரவு வைப்பது ஜாஸ் இரவைவிட இலகுவாக இருப்பதற்கும் இதுவே விளக்கம்.

சாவு வீட்டிலிருந்து மேடைக்கு

நியூ ஓர்லியன்ஸ் குழுக்களுக்கு நிலையான வேலை தந்தவற்றில் ஒன்று இறுதி ஊர்வலம். கறுப்பின மக்களின் மரண உதவிச் சங்கங்கள், நம் ஊரில் இருப்பது போன்றவைதான், தம் உறுப்பினர் இறந்தால் வாத்தியக் குழு அமர்த்தும். இடுகாட்டுக்குப் போகும்போது தேவாலயப் பாடல் மிக மெதுவாகப் போகும். அடக்கம் முடிந்து கொஞ்ச தூரம் வந்ததும் மேளத்தின் இழுகம்பியை முறுக்கி, துள்ளல் நடையில் அடிக்கத் தொடங்குவார்கள். குழுவுக்குப் பின்னால் ஊர்ச்சனம் குடையோடும் கைக்குட்டையோடும் ஆடி வரும். அந்தக் கூட்டத்துக்குப் பெயர் 'இரண்டாம் வரிசை'. விழாக்களில் குழு மேடையை விட்டு இறங்கி, ஆட்களைப் பின்னால் சேர்த்துக்கொண்டு நடப்பது இதன் மிச்சம்.

மட்டக்களப்பிலும் சாவு வீட்டுக்கு மேளம் உண்டு. ஆனால் பறைமேளம் சாதிக் கடமையாகச் சுமத்தப்பட்டது. அதனாலேயே அதைக் கைவிட்டவர்கள் இருக்கிறார்கள், அதைக் கலையாக நிமிர்த்தி அரங்குக்குக் கொண்டுவரப் பாடுபடுபவர்களும் இருக்கிறார்கள். நியூ ஓர்லியன்ஸிலும் நிறவெறி இருந்தது. ஆனால் ஊர்வலத்தில் வாசிப்பது அந்தச் சமூகத்துக்குள் கௌரவமான, கூலி பேசிச் செய்யும் தொழில். தெரு மேளம் கூச்சமில்லாமல் மேடை ஏறியதற்கு இந்த வேறுபாடு ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

அப்படியென்றால் நம்மிடமும் ஜாஸ் இருந்ததா?

இல்லை. ஒற்றுமை வேறு, உறவு வேறு. கூத்திலும் புளூஸிலும் கேள்வி-பதில் இருப்பதால் இரண்டும் சொந்தமாகிவிடாது. உழைக்கும் மக்கள் கூடிப் பாடும் பல இடங்களில் அந்த வடிவம் தானாகவே உருவாகியிருக்கிறது.

உறவு என்று ஓரளவுக்குப் பேசக்கூடியது ஒன்று உண்டு, அது போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியரின் கபிரிஞ்ஞா ஆட்டம். போர்த்துக்கேயர் மட்டக்களப்பு நகரத்தின் புளியந்தீவில் 1628இல் கோட்டை கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஆனால் அவர்கள் வழிவந்தோரின் போர்த்துக்கேயக் கலப்பு மொழியும் ஆட்டமும் மட்டக்களப்பில் தங்கிவிட்டன. கலியாண வீட்டில் வயலின், கிற்றார், றபான் சேர, ஜோடி ஜோடியாக ஆடுவார்கள். பெயரிலேயே ஆப்பிரிக்கர்களைக் குறித்த போர்த்துக்கேயச் சொல் இருக்கிறது. போர்த்துக்கேயர் இந்தத் தீவுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்கரின் தாளமும் ஐரோப்பிய வயலினும் சந்தித்த இடம் அது. கொங்கோ சதுக்கத்தை அடுத்த தெருக்களில் நடந்ததும் அடிப்படையில் இதே வகைச் சந்திப்புத்தான், கடல்தான் வேறு. நடை மட்டும் வித்தியாசம்: இது 6/8, இரண்டு தகிட சேர்ந்த துள்ளல்.

பிறகு ஏன் ஒன்று உலகம் முழுக்கப் போனது, மற்றது மட்டக்களப்பின் கடலோரப் பகுதியான டச்பார் பக்கத்துக் கலியாண வீடுகளோடு நின்றது? நியூ ஓர்லியன்ஸ்காரர்கள் வேலை தேடிச் சிக்காகோ போனார்கள், அங்கே இசைத்தட்டு நிறுவனங்கள் இருந்தன. இங்கே கபிரிஞ்ஞாவின் தாளம் கொழும்பில் பைலா என்ற சிங்களத் துள்ளல் பாட்டாக, 1940களில் பாடகர் வாலி பஸ்தியன்ஸ் போன்றோரால் வளர்ந்து, பின்னர் தமிழ்ப் பொப் பாடல்களுக்குள்ளும் நுழைந்தது. மூல ஆட்டத்தை வைத்திருந்த சிறு சமூகம் 2004 சுனாமியில் கடுமையாக அடிபட்டது.

நியூ ஓர்லியன்ஸுக்கும் மட்டக்களப்புக்கும் நேரடித் தொடர்பே இருந்ததும் உண்மைதான். 20ஆம் நூற்றாண்டில் இங்கே பணி செய்த இயேசு சபைத் துறவிகள் பலர் அந்த நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சபை மாகாணத்திலிருந்து வந்தவர்கள். 1948இல் வந்து கடைசிவரை இங்கேயே வாழ்ந்த அருட்தந்தை ஹரி மில்லர் நியூ ஓர்லியன்ஸில் பிறந்தவர். 1990இல் காணாமற்போன அருட்தந்தை யூஜின் ஹேபர்ட்டும் லூசியானாக்காரர். ஆனால் ஹேபர்ட்டை ஊர் நினைவில் வைத்திருப்பது கூடைப்பந்துக்காக, கோர்னெட்டுக்காக அல்ல.

மட்டக்களப்பில் ஒரு மேடை போட்டால்

ஜாஸ் இந்தத் தீவுக்கு முன்பே வந்திருக்கிறது. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க அரசு நல்லெண்ணத் தூதுவர்களாக அனுப்பிய டேவ் புரூபெக் 1958இலும் டியூக் எலிங்டன் 1963இலும் இலங்கையில் வாசித்தார்கள். கிழக்கில் ஒரு விழா நடத்துவதானால் முதலில் பார்க்க வேண்டியது காலம். மார்கழி மழைக்கு மேடை போட முடியாது. நடு ஆண்டில் போட்டால் வறண்ட கச்சான் காற்று. நாதஸ்வரக்காரருக்குச் சீவாளி எப்படியோ, கிளாரினெட்காரருக்கு நாணல் தகடு அப்படி. கச்சானில் அது காய்ந்து முறுகும், வாவிக்கரை ஈரத்தில் ஊதிப் பருக்கும். கிளாரினெட்டின் மரம் திடீர் வெப்ப மாற்றத்தில் வெடிக்கவும் கூடும். நான்கு மணி வெயிலில் மேடை ஏற்றாமல் பொழுது சாய்ந்தபின் ஏற்றுவது மரியாதையும் புத்தியும்.

ஒலிபெருக்கியில் அவ்வளவு செலவு தேவையில்லை. பித்தளை வாத்தியங்கள் தெருவுக்காகவே செய்யப்பட்ட சத்தம் உடையவை. பாடசாலைகளின் பிக் மட்ச் கிரிக்கெட் நாளில் பித்தளை வாத்தியம் முழங்கும் பப்பரே பாண்டுக்குப் பக்கத்தில் நின்றவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நிறைய மைக் வைத்தால்தான் மூன்று குரலும் ஒன்றோடொன்று மோதி, முதலில் சொன்ன அந்தக் 'கத்தல்' உண்டாகும். பாஞ்சோவுக்கும் பாட்டுக்கும் ஒவ்வொன்று போதும். புளூஸ் கிற்றாருக்குத்தான் மின்சாரமும் நல்ல பெட்டியும் வேண்டும், ஆகவே அதை முதலில் ஆயத்தம் செய்ய வேண்டும்.

யாரைப் பக்கத்தில் நிறுத்துவது என்பது அடுத்தது. கபிரிஞ்ஞா வாசிக்கும் குடும்பங்களை விட்டுவிட்டு இதைச் செய்தால் அது கொழும்பு ஹோட்டல் நிகழ்ச்சி ஒன்றை இங்கே இறக்கியது போலத்தான் இருக்கும். அவர்கள் முதலில் ஆடட்டும். பிறகு பித்தளைக் குழு காந்தி பூங்காவிலிருந்து வாவிக்கரை வழியே நடந்து வரட்டும். அதற்கு மேடையும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். வீதியை ஒரு மணி நேரம் மறிக்கப் பொலிஸ் அனுமதி மட்டும் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும்.